மறுபடி படிக்க ஆரம்பிக்கிறவர் முதலில் எதை எடுப்பது?

"அக்கா, ஆறு வருஷமா ஒரு புத்தகத்தைக்கூட முடிக்கல. எதுல ஆரம்பிச்சா முடிப்பேன்?"

சித்தி மகள் கேட்ட கேள்வி இது. கல்லூரிக் காலத்தில் என்னைவிட வேகமாகப் படித்தவள். இப்போது கையில் இரண்டு வயதுக் குழந்தை, வேலை வேறு. நாளைக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது, அதுவும் ஒரே மூச்சில் கிடைக்காது. நான் கொஞ்சமும் யோசிக்காமல், "சிறுகதைத் தொகுப்பு ஏதாவது எடு" என்றேன். எல்லோரும் சொல்வதுதான். நேரம் குறைவு, கதையும் சின்னது, கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது மூன்றாவது கதையிலேயே நின்றிருந்தாள். "ஒவ்வொரு கதையிலயும் யார் யாருன்னு மறுபடி மொதல்லேர்ந்து பிடிக்கவேண்டியிருக்கு. பிடிக்கிறதுக்குள்ள கதை முடிஞ்சுபோகுது" என்றாள்.

முப்பது வருஷத்துக்கும் மேலாக எல்லா வகைப் புத்தகங்களையும் படித்து வருகிறேன். ஆனாலும் அவள் சொன்னதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. புத்தகம் சுலபமா கடினமா என்பதைப் பக்கத்தை எண்ணிச் சொல்லிவிடுகிறோம். பக்கம் அவ்வளவு முக்கியமில்லை. வாசலில்தான் பாடு. முதல் சில பக்கங்களில் ஊர் பிடிபட வேண்டும், ஆட்கள் பிடிபட வேண்டும், எழுத்தாளரின் குரல் காதுக்குப் பழக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் புத்தகமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். பன்னிரண்டு கதைகள் உள்ள தொகுப்புக்குப் பன்னிரண்டு வாசல்கள். இரண்டாயிரம் பக்க நாவலுக்கு ஒன்றே ஒன்று.

அன்றிலிருந்து யாராவது "எதில் ஆரம்பிக்கலாம்" என்று கேட்டால் எது சிறந்த நூல் என்று பார்ப்பதில்லை. மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறேன். உள்ளே நுழைய எவ்வளவு பாடு? நடுவில் நான்கு நாள் விட்டுவிட்டு வந்தால் விட்ட இடம் பிடிபடுமா? முடித்தபின் அடுத்ததை எடுப்பதற்கு மனம் எவ்வளவு அவகாசம் கேட்கும்?

நான் தப்பாகச் சிபாரிசு செய்த சிறுகதையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். புதுமைப்பித்தனின் மூன்று கதைகளை அடுத்தடுத்துப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைத் தெருவில் ஒரு சாதாரண மனிதரிடம் வந்து மாட்டிக்கொள்கிறார். 'சாபவிமோசன'த்தில் கல்லாய்க் கிடந்த அகலிகை எழுந்து வருகிறாள், புராணம் தெரிந்தவருக்கே அவளோடு நடக்கத் தனித் தைரியம் வேண்டும். 'செல்லம்மாள்' ஒரு வீட்டுக்குள் நடப்பது. நோயாளி மனைவி, பக்கத்தில் கணவன், அவ்வளவுதான். எழுதியவர் ஒருவர்தான். ஆனால் ஒரு கதையிலிருந்து அடுத்ததற்குப் போக முகத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'செல்லம்மாள்' முடித்த இரவில் என்னால் வேறு எதையும் படிக்க முடிந்ததில்லை, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட. பதினைந்து இருபது பக்கக் கதை ஒரு முழு ராத்திரியைக் கேட்கிறது. அது கதையின் பெருமை. ஆனால் விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க நினைப்பவருக்கு அது பெரிய கேட்பு.

ஆகவே சிறுகதை வாசிப்பில் ஊறியவருக்கான வடிவம் என்பதே என் கருத்து. தினமும் படிக்கிறவருக்கு வாசல்கள் பாரமில்லை, பன்னிரண்டு வாசலையும் ஆசையாகத் திறப்பார். புதிதாக வருகிறவருக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுத்து, அவர் நின்றுபோனதும் "எனக்கு வாசிப்பே வராது போல" என்று அவரை நினைக்க வைப்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஷெர்லக் ஹோம்ஸ். கோனன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகளில் நாவல் 4, சிறுகதை 56. அத்தனைக்கும் ஏறக்குறைய ஒரே வாசல்தான். அதே அறை, அதே இரண்டு நண்பர்கள், பெரும்பாலும் வாட்சனின் அதே குரல். முதல் கதையில் பட்ட பாடு ஐம்பத்தாறாவது கதை வரை பலன் தருகிறது. சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளுக்கும் இதே வசதி உண்டு. வசந்த் வாயைத் திறந்ததுமே நமக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றிவிடும்.

அப்படியானால் துப்பறியும் கதைதான் நல்ல தொடக்கமா? நேரம் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு நாள் விடுமுறையோ நீண்ட ரயில் பயணமோ கையில் இருந்தால் இதைவிட நல்லது வேறில்லை. நின்றுபோன வண்டியைத் தள்ளிக் கிளப்புவது மாதிரி. ஆனால் துண்டு துண்டாகப் படித்தால் இந்த வகை கெட்டுப்போகும். அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' 1939இல் வந்த நாவல். பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே எட்டுப் பேரைத் தனித்தனியாகக் காட்டிவிடுகிறார். யார் நீதிபதி, யார் மருத்துவர், யார் மனதில் எந்தப் பழைய விஷயம் உறுத்துகிறது என்பதெல்லாம் அங்கேயே சின்னச் சின்னதாகத் தூவப்பட்டிருக்கும். அதைத் திங்கட்கிழமை படித்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தால் துப்புகள் எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். கடைசியில் முடிச்சு அவிழும்போது "ஓ, அப்படியா" என்பதோடு சரி. நாமும் கூடவே தேடிக்கொண்டு வந்திருந்தால்தானே அந்த அதிர்ச்சி நம்முடையதாகும்?

முடித்தபின் மனம் அவகாசம் எதுவும் கேட்காது என்பது இந்த வகையின் பெரிய பலம். ஒன்றை மூடிவிட்டு அதே நாளில் அடுத்ததை எடுக்கலாம். இதனாலேயே இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படுவதில்லை. ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற உணர்வு வாசிப்பை விட்டவருக்கு எவ்வளவு தேவை என்பது, முடிக்க முடியாமல் தவித்தவருக்குத்தான் தெரியும்.

பெருநாவலைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 293 அத்தியாயம். தடிமனைப் பார்த்துத் தள்ளி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர். அடுத்த இதழுக்காக ஒரு வாரம் காத்திருக்கப் போகிறவருக்காக எழுதப்பட்டது. ஆகவே இடையில் விட்டுவிட்டு வருவதற்கான ஏற்பாடு அதன் உடம்பிலேயே இருக்கிறது. அத்தியாயங்கள் சிறியவை. முடிவில் ஒரு கொக்கி, அடுத்ததன் தொடக்கத்தில் விட்ட இடத்தைத் தொட்டுக்காட்டும் ஒரு வார்த்தை. ஆடிப் பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், நாமும் அவனோடு வருகிறோம். சோழநாட்டு அரசியல் அவனுக்கும் புதிது, நமக்கும் புதிது. அவனுக்கு யாராவது எடுத்துச் சொல்லும்போதெல்லாம் நமக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு எளிய வாசலைக் கல்கி வைத்த சாமர்த்தியத்தை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் வியக்கிறேன்.

சரித்திர நாவலையும் சரித்திர நூலையும் பலர் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக நினைக்கிறார்கள். "உண்மையில் நடந்ததைப் படித்தால் போதாதா, எதற்கு நாவல்?" என்று கேட்பவர்களும் உண்டு. நான் நாவல் முதலில், வரலாறு பிறகு என்ற கட்சி. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது உறுதி, இது ஊகம் என்று பிரித்துக்கொண்டே போகும் நூல். முன்பின் தெரியாமல் அதற்குள் நுழைந்தால் பெயர்களும் ஆட்சி ஆண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாவலைப் படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாவலில் காட்டுக்குள் சதி பேசியவன் கல்லில் இருக்கிறான்! நந்தினியைத் தேடினால் கிடைக்க மாட்டாள், அவள் கல்கியின் மனதில் பிறந்தவள். அத்தனை பக்கம் நம்மைக் கூட்டிக்கொண்டு போன வந்தியத்தேவன் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்ற அளவில்தான் நிற்கிறான். எது கல்லில் இருந்தது, எது கற்பனையில் முளைத்தது என்று பிரித்துப் பார்ப்பது தனி இன்பம். வரலாற்றை முதலில் படித்துவிட்டால் அது கிடைக்காது.

மொழிபெயர்ப்பு நாவல்களில் வாசல் கொஞ்சம் இடிக்கும். ருஷ்ய நாவலில் ஆட்களைப் பிடிப்பதற்குள் பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள். 1866இல் வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகனை ஓரிடத்தில் ரஸ்கோல்னிகோவ் என்பார்கள், வேறு ஒருவர் ரோடியன் ரொமானோவிச் என்று மரியாதையாகக் கூப்பிடுவார், தாய் ரோத்யா என்பாள். மூன்றும் ஒருவனே. தங்கைக்கும் அப்படித்தான், அவ்தோத்யா ரொமானோவ்னா, துனியா. முதல்முறை படித்தபோது வீட்டில் இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று குழம்பி நாற்பதாவது பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டாம் முறை ஒரு துண்டுத்தாளில் பெயர்களைக் குறித்து, ஒருவருக்கு எத்தனை பெயரோ அத்தனையையும் ஒரே வரியில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். நூறு பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாளைத் தொடவே இல்லை. ரொமானோவிச் என்றால் ரொமானின் மகன், ரொமானோவ்னா என்றால் மகள் என்பது பிடிபட்டதும் அண்ணன் தங்கை உறவு பெயரிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் புத்தகத்துக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து மஞ்சளாகிவிட்டது.

வாசல் இடிக்காத மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் வங்காளத்திலிருந்து வந்தவற்றைப் பார்க்கச் சொல்வேன். தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' த. நா. குமாரசாமியின் தமிழில் கிடைக்கிறது. நாடி பிடித்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடும் முதிய வைத்தியர், அவரை ஏற்காத இளம் டாக்டர். இந்த இரண்டு பேரை வைத்தே புத்தகம் நடந்துவிடும். முதியவர் நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்துக் கண்ணை மூடும் இடங்களில் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

அறிவியல் புனைகதையில் உலகத்தின் விதிகளையே புதிதாகக் கற்க வேண்டும் என்பதால் வாசல் உயரம் என்று நினைப்போம். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் அதை எப்படித் தாழ்த்தினார் பாருங்கள். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. எல்லாமே இரண்டு எழுத்துப் பெயர்கள். ருஷ்யப் பெயர்களோடு மல்லுக்கட்டியவருக்கு இதன் அருமை தெரியும். புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ வந்ததும் கதை ஓட ஆரம்பித்துவிடும். 1980களில் எழுதிய கதை நடப்பது 2021இல். அந்த ஆண்டைக் கடந்துவந்துவிட்ட நாம் இப்போது படித்தால் இன்னொரு சுவை சேர்ந்துகொள்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நாவலாக எதைக் கொடுப்பது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பதில் இதுதான்.

கவிதையை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று நெடுநாள் யோசித்தேன். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள். உரையில்லாமல் உள்ளே போவது எல்லோராலும் ஆகாது. நான் உ. வே. சா.வின் 1937 பதிப்பு உரையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். நாற்பதாம் பாட்டு, செம்மண்ணில் பெய்த மழைநீர். மண்ணையும் நீரையும் இனிப் பிரிக்க முடியாது என்ற அந்த ஒரு உவமையை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, உவமையே அவர் பெயராகி செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். இதை அறிந்தபின் அந்த ஐந்து அடியை வேகமாகப் படித்துக் கடக்க எனக்கு மனம் வந்ததில்லை. கவிதையை வேறு புத்தகத்துக்குப் பதிலாக எடுக்காதீர்கள். எதைப் படித்தாலும் கூடவே நாளைக்கு ஒரு பாட்டு, அது போதும்.

அறிவியல், பொருளியல் போன்ற கட்டுரை நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு வாசல். பென்சிலும் மேசையும் கேட்கும், படுத்துக்கொண்டு படிக்க லாயக்கில்லை. ஒரு சமன்பாடு சேர்த்தால் விற்பனை பாதியாகும் என்று எச்சரிக்கப்பட்டு, ஒரே ஒரு சமன்பாட்டோடு ஸ்டீபன் ஹாக்கிங் 1988இல் வெளியிட்ட நூலேகூட நடுவில் மூச்சு வாங்க வைக்கும். ஏதாவது ஒரு துறையில் ஏற்கெனவே ஆர்வம் இருந்தால் மட்டும் இதில் ஆரம்பியுங்கள்.

சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. பத்துப் பக்கத்தில் சொல்லிவிடக்கூடிய ஒரு யோசனையை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவைதான் என் கைக்கு அதிகம் வந்தன. அந்த நேரத்தில் ஒரு மனிதர் வாழ்ந்து காட்டியதைப் படிக்கலாம்.

சித்தி மகளுக்கு இரண்டாவதாக நான் கொடுத்தது அந்த வகைதான், தன்வரலாறு. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பார்த்ததும் முகம் சுளித்தாள். "பாடப்புத்தகம் மாதிரி இருக்கு அக்கா." பத்து அத்தியாயம் மட்டும் பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்றேன்.

என் மூன்று கேள்விக்கும் தன்வரலாறு நல்ல பதில் சொல்கிறது. வாசல் ஒன்று, குரல் ஒன்று. பேசுகிறவரே நாயகர், அதனால் "இது யார்?" என்ற திணறல் குறைவு. விட்டுவிட்டு வந்தால் ஒன்றும் கெடாது, மறப்பதற்குத் துப்பும் இல்லை சதியும் இல்லை. போன வாரம் பேசிக்கொண்டிருந்த பெரியவரிடம் மறுபடி போய் உட்காருவது போலத்தான். 'என் சரித்திர'மும் 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர், அதனால் அத்தியாயங்கள் சிறியவை. காந்தியின் 'சத்திய சோதனை'க்கும் இதே பிறப்பு, 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வந்தது. இரண்டில் ஒன்று என்றால், மனம் தெம்பாக இருக்கும்போது காந்தி, களைத்திருக்கும்போது உ. வே. சா. காந்தி தன்னை விசாரித்துக்கொள்வதைப் படிக்கும்போது நம்மையும் விசாரிக்க வேண்டிவரும். உ. வே. சா. எதையும் கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே போகிறார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன். "சேலம் இராமசாமி முதலியார் வர்ற இடம் படிச்சேன்." 1880இல் கும்பகோணத்தில் நடந்த சந்திப்பு அது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இளம் ஆசிரியர் சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. பிறகு சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை, இவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. அந்த ஒரு பேச்சிலிருந்து ஏழு வருஷ உழைப்பு, 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு. "அவ்வளவு படிச்சவருக்கே அன்னிக்கு அப்படிக் கூசிப்போயிருக்கும்ல? அதுக்கப்புறம்தானே எல்லாம் ஆரம்பிச்சுது" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு புத்தகத்தைப் பற்றி என்னிடம் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதத்தில் 122 அத்தியாயத்தையும் முடித்துவிட்டாள். 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் நூல் பாதியில் நிற்கிறது. "இதுக்கு மேல இல்லையா?" என்று கேட்டபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்து பெருநாவலா, துப்பறியும் கதையா என்று கேட்டாள். துப்பறியும் கதைக்குத் தேவையான தொடர்ச்சியான நேரம் அவளிடம் இன்னும் இல்லை. பெருநாவலுக்கு இப்போது தயார்தான், ஆனால் இடையில் ஒரு சின்ன நாவலை முடித்துவிட்டுப் போனால் தெம்பாக இருக்கும் என்று பட்டது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்தேன். ஒரே தெரு, ஒரே பஞ்சம், ஜமுனா, அவள் தங்கை சாயா. நாவலுக்குரிய ஒற்றை வாசல், சிறுகதைக்குரிய சிக்கனம். குறுநாவலை நம் சிபாரிசுகளில் ஏன் இவ்வளவு மறந்துபோகிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. முடித்தபின் இரண்டு மூன்று நாள் மனம் அந்தத் தெருவிலேயே நிற்கும், அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன்.

நேற்று மத்தியானம் செய்தி வந்தது: "ஜமுனா தண்ணிக்கு அலையறா. பாப்பா எழுந்துட்டா, மீதி ராத்திரிக்கு."